பென் டிரைவில் ஊரும் புழுக்கள்

தாராபுரம் வட்டத்தைச் சேர்ந்த மூலனூர், முருங்கைக்கும் பருத்திக்கும் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் நடைபெறுவதை நம்மில் பலர் அறிவோம். பருத்தி விளைவிப்போரைக் கேட்டால் காய்ப்புழுவைப்பற்றிச் சொல்வார்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிஞ்சுக் காயைத் துளைத்து உள்ளே புகுந்தபின், அது புகுந்த துளையே மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்குக் காய் நல்ல காயாகவே தோன்றும். காய் வெடிக்கும் நாளில்தான் உள்ளே இருந்த கேடு தெரியவரும்.

இன்று நம் வீடுகளிலும், பனியன் தொழிலகங்களிலும், ஜெராக்ஸ் கடைகளிலும், பள்ளிகளிலும் இத்தகைய வேறொரு புழு உலவுகின்றது. அது காயில் அன்று, கட்டைவிரல் அளவே உள்ள பென் டிரைவில் குடியிருக்கின்றது. சட்டைப்பையிலும் சாவிக்கொத்திலும் அமர்ந்து ஊர் ஊராகச் செல்கின்றது. இப்புழு எத்தகையது, எவ்வாறு பரவுகின்றது, அதனை எங்ஙனம் களைவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

புழு என்பது யாது?

கணிப்பொறி தானாக எதையும் செய்வதில்லை. மனிதர் எழுதிவைத்த கட்டளைத் தொகுதியின்படியே அது இயங்குகின்றது. அத்தொகுதியை நிரல் என்கிறோம். நன்மைக்கென எழுதப்படும் நிரல்கள் இருப்பதுபோலவே தீமைக்கென எழுதப்படுபவையும் உள்ளன. அவற்றுள் ஒரு வகையே புழு. தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு, ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதே இதன் தனித்தன்மை. வைரஸ் என்னும் நச்சுநிரல் வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு வாழும். புழுவுக்கோ அத்தகைய துணை வேண்டுவதில்லை. ஜான் பிரன்னர் என்பார் 1975-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கிலப் புதினம் ஒன்றில் இத்தகைய நிரலைக் கற்பனையாகப் படைத்து, அதற்குப் புழு எனப் பெயரிட்டார். கற்பனை பின்னர் மெய்யாயிற்று.

கையில் எடுத்துச் செல்லும் தட்டுகளின் வழியே நோய் பரவுவது புதிதன்று. 1986-ஆம் ஆண்டு பாகிஸ்தானின் லாகூர் நகரில் இரு சகோதரர்கள் எழுதிய பிரெயின் என்னும் நச்சுநிரல், பிளாப்பித் தட்டுகளில் ஏறி உலகின் பல நாடுகளையும் சென்றடைந்தது. இணையம் மக்களிடையே பரவாத அக்காலத்தில், கை மாறிச் சென்ற தட்டுகளே அதற்கு வாகனமாயின. 2000-ஆம் ஆண்டில் பென் டிரைவ் விற்பனைக்கு வந்தபின் பிளாப்பித் தட்டு மறைந்தது. ஆனால் அதன் இடத்தைப் பிடித்த பென் டிரைவ், அதன் நோயையும் சேர்த்தே சுமக்கலாயிற்று.

கதவைத் திறந்து வைத்தது யார்?

புழுவுக்கு வழி திறந்துவிட்டது ஒரு வசதியே. குறுந்தட்டை உள்ளே வைத்தவுடன் அதிலுள்ள நிரல் தானே தொடங்கவேண்டும் என்பதற்காக, 1995-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் மென்பொருளில் ஆட்டோரன் என்னும் ஏற்பாடு அமைக்கப்பட்டது. தட்டிலுள்ள ஒரு சிறு குறிப்புக் கோப்பைக் கணிப்பொறி முதலில் படிக்கும்; அதில் எந்த நிரலை இயக்கும்படி எழுதியுள்ளதோ அதை இயக்கும். புழுவை எழுதியோர் இதனைக் கண்டுகொண்டனர். பென் டிரைவில் புழுவையும், அதனை இயக்கச் சொல்லும் அக்குறிப்புக் கோப்பையும் மறைத்து வைத்தனர். கணிப்பொறிக்கு உரியவர் பென் டிரைவைச் செருகித் திறந்ததும் புழு விழித்துக்கொண்டது. பின்னர் அக்கணிப்பொறியில் செருகப்படும் ஒவ்வொரு பென் டிரைவிலும் தன் படியை வைத்தது.

2008-ஆம் ஆண்டு நவம்பரில் தலைகாட்டிய கான்பிக்கர் என்னும் புழு இவ்வழியைத் திறம்படக் கையாண்டது. அது வலைத்தொடர்பின் வழியாகவும் பரவியது. பென் டிரைவிலும் ஏறியது. பென் டிரைவைச் செருகியவுடன் தோன்றும் சிறு சாளரத்தில், "கோப்புகளைக் காண அடைவைத் திற" என்பது போன்ற போலி வரி ஒன்றை, மஞ்சள் நிற அடைவுப் படத்துடன் அது காட்டிற்று. மெய்யென நம்பிச் சொடுக்கியோர் புழுவையே திறந்துவிட்டனர். அதனை எழுதியவரைப் பிடிக்கத் துப்புத் தருவோர்க்கு 2,50,000 டாலர் பரிசு வழங்குவதாக மைக்ரோசாப்ட் நிறுவனம் 2009-இல் அறிவித்தது. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதற்கொண்டு பென் டிரைவுக்கு ஆட்டோரன் வசதி நிறுத்தப்பட்டது. பழைய பதிப்புகளுக்கும் 2011 பிப்ரவரியில் அதற்கான திருத்தம் அனுப்பப்பட்டது.

ஒரு கதவு மூடியது. ஆனால் புழு வேறு கதவைத் தேடிற்று. இன்று அது பெரும்பாலும் குறுக்குவழி என்னும் ஷார்ட்கட் கோப்பின் உருவில் வருகின்றது. நம் உண்மையான கோப்புகளை ஒளித்துவிட்டு, அவற்றின் பெயரிலேயே, அவற்றின் படத்துடனேயே ஒரு குறுக்குவழியை வைத்துவிடுகின்றது. அதனைச் சொடுக்கினால் புழுவும் இயங்கும், நம் கோப்பும் திறக்கும். கோப்புத் திறந்துவிட்டபடியால் நமக்கு ஐயம் எழுவதில்லை. காய்ப்புழுவின் துளை மூடிக்கொள்வது போன்றதே இது.

நம் நாட்டைத் தொட்ட புழுக்கள்

இவை எங்கோ அயல்நாட்டில் நிகழ்பவை என நாம் இருந்துவிட இயலாது.

2010-ஆம் ஆண்டு ஜூனில் பெலாரஸ் நாட்டு நிறுவனம் ஒன்று கண்டறிந்த ஸ்டக்ஸ்நெட் என்னும் புழு, ஈரானின் நதான்ஸ் அணு எரிபொருள் நிலையத்திலுள்ள சுழல் யந்திரங்களைப் பழுதாக்கவென்றே எழுதப்பட்டது. அந்நிலையத்தின் கணிப்பொறிகள் இணையத்தோடு இணைக்கப்படாதவை. இணையம் செல்லாத இடத்துக்கும் பென் டிரைவ் செல்லுமன்றோ? அதனால் அப்புழுவைப் பென் டிரைவில் பரவும்படி அமைத்திருந்தனர். குறுக்குவழிக் கோப்பைச் சொடுக்கவும் வேண்டுவதில்லை. அதன் படம் திரையில் தோன்றினாலே போதும் என்னும் அளவுக்கு அது நுட்பமாக அமைந்திருந்தது. ஈரானுக்கென ஏவப்பட்ட அப்புழு அங்கேயே நின்றுவிடவில்லை. சைமன்டெக் நிறுவனம் அவ்வாண்டில் எடுத்த கணக்கின்படி, மிகுதியாகத் தொற்றுக்குள்ளான நாடுகளில் ஈரான், இந்தோனேசியா ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக நின்றது நம் இந்தியா.

2012-ஆம் ஆண்டு ஜூலையில், விசாகப்பட்டினத்திலுள்ள கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தின் கணிப்பொறிகளில் இத்தகைய தீநிரல் புகுந்ததாக நாளிதழ்கள் எழுதின. இணையத் தொடர்பற்ற கணிப்பொறியிலிருந்து ஆவணங்களைப் பென் டிரைவின் மறைவான அடைவில் திரட்டி வைத்து, அதே பென் டிரைவ் இணையமுள்ள கணிப்பொறியில் செருகப்படும்போது அவற்றை வெளியே அனுப்பும் வகையில் அது அமைந்திருந்ததாம். வாயிற்காவல் எத்துணை வலிதாயினும், சட்டைப்பையில் வருவதைத் தடுத்தல் எளிதன்று என்பதற்கு இது சான்று.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று நம்மை இன்னும் நெருங்கிவருகின்றது. பிளக்எக்ஸ் என்னும் உளவு நிரலுக்கு 2020-ஆம் ஆண்டளவில் பென் டிரைவ் வழியே பரவும் ஆற்றல் தரப்பட்டது. அதனை ஏவியோர் பின்னர் அதைக் கைவிட்டுவிட்டனர்; ஆயினும் அது தானே பரவிக்கொண்டிருந்தது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் செக்கோயா என்னும் பிரெஞ்சுப் பாதுகாப்பு நிறுவனம், அப்புழு ஆணை கேட்டு நாடும் இணைய முகவரியை 7 டாலர் செலவில் தன்வசமாக்கிக்கொண்டு கவனித்தது. நாள்தோறும் 90,000-க்கும் மேற்பட்ட இணைப்பு முகவரிகளிலிருந்து புழுக்கள் அதனை வந்து தட்டின. தொற்று மிகுந்த நாடுகளின் வரிசையில் நைஜீரியாவும் இந்தியாவும் முன்னணியில் நின்றன. 2024 ஜூலையில் பிரெஞ்சு அரசும், தொடர்ந்து அமெரிக்க அரசும் தத்தம் நாட்டுக் கணிப்பொறிகளைத் தூய்மை செய்யத் தொடங்கின. அமெரிக்காவில் 4,258 கணிப்பொறிகளிலிருந்து அது நீக்கப்பட்டதாக 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. தொலைவிலிருந்து ஆணையிட்டு ஒரு கணிப்பொறியிலுள்ள புழுவை அழிக்கலாம். ஆனால் மேசை இழுப்பறையில் கிடக்கும் பென் டிரைவிலுள்ள புழுவை எந்த அரசாங்கமும் அங்கிருந்தபடியே அழித்துவிட இயலாது. அதனை நம் கையாலேயே களைந்தாகவேண்டும்.

நம் பகுதியில் பரவும் வழிகள்

திருப்பூர் வட்டாரத்தில் தொழில் ஓரிடத்தில் முடிவதில்லை. நூல் ஓரிடம், நெசவு ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம் எனப் பிரிந்துள்ளது போலவே, எம்பிராய்டரியும் பிரிண்டிங்கும் தனித்தனிச் சிறு கூடங்களில் ஜாப் ஒர்க்காக நடைபெறுகின்றன. எம்பிராய்டரி டிசைனைக் கணிப்பொறியில் அமைப்பவர் ஒருவர். அதனைத் துணியில் தைக்கும் யந்திரம் வேறொருவரிடம். டிசைன் அங்கிருந்து இங்கு வருவது பெரும்பாலும் பென் டிரைவில்தான். ஒரே பென் டிரைவ் ஒரு நாளில் நான்கு கூடங்களுக்குச் சென்று திரும்புதல் அரிதன்று.

சரக்கு ஏற்றவேண்டிய நாள் நெருங்கியிருக்கும் ஒரு சிறு கூடத்தை எண்ணிப்பாருங்கள். பென் டிரைவைச் செருகினால் டிசைன் கோப்புகள் ஒன்றுகூடத் தென்படவில்லை, யந்திரம் நிற்கின்றது, வேலையாட்கள் காத்திருக்கின்றனர். கம்பெனியார், "நாங்கள் சரியாகத்தான் கொடுத்தோம்" என்கின்றனர். டிசைன் அமைத்தவரோ, "உங்கள் கணிப்பொறியில்தான் கோளாறு" என்கின்றார். கெடுவது ஒரு நாள் கூலி மட்டுமன்று. பல்லாண்டுப் பழக்கமும் நம்பிக்கையும் கெடுகின்றன. உண்மையில் இருவரும் குற்றவாளிகளல்லர். இருவர்க்கும் இடையே சென்றுவந்த புழுவே குற்றவாளி.

குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. மகனின் கல்லூரி விண்ணப்பத்தையும் ஆதார் அட்டை நகலையும் அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குச் செல்கிறோம். நாள்தோறும் பலருடைய பென் டிரைவ்களை ஏற்கும் அக்கணிப்பொறி, ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. ஒருவர் விட்ட அழுக்கு அனைவர் குடத்திலும் ஏறும். திருமணப் படங்களைப் புகைப்படக்காரர் பென் டிரைவில் தருகின்றார். அதனை உறவினர் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புகிறோம். பாட்டுகள் நிறைந்த பென் டிரைவ் வண்டியிலிருந்து வீட்டுக் கணிப்பொறிக்கு வருகின்றது. கேமராவின் நினைவட்டையும், கம்பியால் இணைக்கும் கைப்பேசியும் புழுவைச் சுமக்கவல்லவையே. விண்டோஸுக்கென எழுதப்பட்ட புழு கைப்பேசியைக் கெடுக்காது; ஆயினும் கைப்பேசியின் நினைவகத்தில் அமைதியாகப் பயணம் செய்யும்.

கோப்புகள் மறைவதோடு கேடு முடிந்துவிடுவதுமில்லை. ராஸ்பெரி ராபின் என்னும் பென் டிரைவ் புழு, ஒரே மாத காலத்தில் ஏறத்தாழ 1,000 நிறுவனங்களின் 3,000 கணிப்பொறிகளில் காணப்பட்டதாக மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022 அக்டோபரில் தெரிவித்தது. அப்புழு திறந்துவிட்ட வழியில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் உள்ளே நுழைந்தன. கணக்கேடுகளும், வங்கிக் கடவுச்சொற்களும், பத்தாண்டுக் குடும்பப் படங்களும் ஒருசேரப் பறிபோகக்கூடும்.

அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று தென்பட்டாலும் ஐயுறுதல் நலம். பென் டிரைவிலுள்ள அடைவுகள் எல்லாம் சிறு அம்புக்குறியுடன் குறுக்குவழிகளாக மாறியிருத்தல். பென் டிரைவைத் திறந்தால் அதனுள் அதே பெயரில் இன்னொரு பென் டிரைவ் இருப்பதுபோல் தோன்றுதல். கோப்புகள் காணாமற்போயும் இடம் மட்டும் நிறைந்திருப்பதாகக் காட்டுதல். நாம் வைக்காத கோப்புகள் முளைத்தல். பென் டிரைவைப் பாதுகாப்பாக வெளியேற்ற முயலும்போது "பயன்பாட்டில் உள்ளது" என ஓயாது மறுத்தல். வைரஸ் தடுப்பு நிரல் தானாக நின்றுவிடுதல் ஆகியவை அவை. கோப்புகள் மறைந்தவுடன் "எல்லாம் அழிந்தன" என மனமுடைந்து பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுவோர் பலர். அது தவறு. பெரும்பாலான இத்தகைய தொற்றுகளில் கோப்புகள் அழிவதில்லை, ஒளிக்கப்பட்டே உள்ளன.

களையும் முறை

முதலாவது, கணிப்பொறியையே முதலில் தூய்மை செய்தல்வேண்டும். பலர் பென் டிரைவை மட்டும் துடைத்து, அதே கணிப்பொறியில் மீண்டும் செருகுகின்றனர்; மறுநொடியே புழு அதில் திரும்ப ஏறிவிடும். செடிக்கு மருந்தடித்துவிட்டுப் பழைய பருத்திமாரைக் காட்டிலேயே விட்டுவைத்தால் அடுத்த பட்டத்தில் காய்ப்புழு திரும்புவது போன்றதே இது.

இரண்டாவது, விண்டோஸுடன் வரும் மைக்ரோசாப்ட் டிஃபெண்டரையோ, வேறு நம்பிக்கையான வைரஸ் தடுப்பு நிரலையோ அன்றைய நாள்வரை புதுப்பித்துக்கொண்டு, பின் இணையத் தொடர்பைத் துண்டிக்கவேண்டும். டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்னும் சோதனை உண்டு. அதனைத் தேர்ந்தால் கணிப்பொறி அணைந்து மீண்டும் தொடங்கி, விண்டோஸ் விழிப்பதற்கு முன்பாகவே சோதனை நடைபெறும். புழு உறங்கும்போதே அதனைப் பிடிக்கும் முறை இது. ஏறத்தாழ கால்மணி நேரத்தில் முடியும். அதன்பின் முழுச் சோதனை ஒன்றையும் நடத்துக.

மூன்றாவது, கணிப்பொறி தூய்மையானபின் பென் டிரைவைச் செருகுக. எதையும் இருமுறை சொடுக்கித் திறவாமல், பென் டிரைவின் பெயர்மீது வலப்புறப் பொத்தானை அழுத்தி, ஸ்கேன் என்பதைத் தேர்க.

நான்காவது, ஒளிந்திருப்பவற்றை வெளிக்கொணர்க. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் என்னும் பகுதியில், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைக்கவேண்டும். இயக்க முறைமைக் கோப்புகளை மறைக்கும் குறியையும், கோப்புப் பெயரின் பின்னொட்டை மறைக்கும் குறியையும் எடுத்துவிடவேண்டும். அப்போது மங்கிய நிறத்தில் நம் அடைவுகள் தோன்றும். சில புழுக்கள் பெயரே இல்லாத ஓர் அடைவை உண்டாக்கி, அதனுள் எல்லாவற்றையும் போட்டுவைக்கும். அதனையும் திறந்து பார்க்க. புழு "சிஸ்டம்", "ஹிட்டன்" என்னும் இரு முத்திரைகளைக் குத்தியிருப்பதால், வழக்கமான முறையில் மறைப்பை நீக்க இயலாமற்போகலாம். கட்டளைச் சாளரத்தில் "அட்ரிப்" என்னும் கட்டளையைக் கொண்டு அம்முத்திரைகளை நீக்கலாம். பழக்கமில்லாதோர் அறிந்தவர் ஒருவரை உடன்வைத்துக்கொண்டு இதனைச் செய்க.

ஐந்தாவது, குறுக்குவழிகளையும், ஆட்டோரன் குறிப்புக் கோப்பையும், அடைவுபோல் தோன்றினும் வகை என்னும் இடத்தில் "அப்ளிகேஷன்" எனக் காட்டுபவற்றையும் நீக்குக. "சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்" என்னும் அடைவைக் கண்டு அஞ்சவேண்டா. அது விண்டோஸே அமைப்பது.

ஆறாவது, படங்கள், ஆவணங்கள், டிசைன்கள் ஆகியவற்றை மட்டும் கணிப்பொறிக்குப் படியெடுத்து, அவை திறக்கின்றனவா எனப் பார்த்தபின், பென் டிரைவை ஃபார்மட் செய்க. முன்பு தவறு என்றோமே, அது இப்போது நன்று. படியெடுத்தல் முந்தவேண்டும், துடைத்தல் பிந்தவேண்டும்.

ஏழாவது, அக்கணிப்பொறியில் வங்கிக் கணக்கோ மின்னஞ்சலோ திறந்ததுண்டாயின், தூய்மையான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுக. பணம் பறிபோயிருந்தால் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்கவேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் புழு திரும்பத் தோன்றினால், வேண்டிய கோப்புகளைக் காத்துக்கொண்டு விண்டோஸையே புதிதாக நிறுவுதல்தான் முடிவான மருந்து.

வருமுன் காத்தல்

மைய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்னும் மையம், இத்தகைய தீநிரல்களை நீக்கும் கருவிகளைக் கட்டணமின்றி வழங்குகின்றது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய யு.எஸ்.பி. பிரதிரோத் என்னும் நிரல், நாம் இசைவளித்த பென் டிரைவ்களை மட்டுமே கணிப்பொறி ஏற்கும்படி செய்கின்றது. சிறு தொழிலகங்களுக்கு இது பெரிதும் பயன்படும்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய பதிப்பிலேயே யந்திரத்தை ஓட்டவேண்டிய கட்டாயம் உள்ளவர்கள், அக்கணிப்பொறியை இணையத்தினின்று பிரித்துவைத்து, அதற்கென ஒரு பென் டிரைவைத் தனியே ஒதுக்குவது நன்று. அதனை வேறெங்கும் கொண்டுசெல்லலாகாது. அச்செடுக்கச் செல்லும்போது, அன்றைக்கு வேண்டிய கோப்பு மட்டும் உள்ள பென் டிரைவைக் கொண்டுசெல்க; குடும்பப் படங்கள் முழுவதையும் சுமந்துசெல்ல வேண்டியதில்லை. திரும்பியதும் சோதித்தபின்னரே திறக்க. அரிய கோப்புகளுக்கு எப்போதும் இரண்டாம் படி ஒன்று, கணிப்பொறியோடு இணைக்கப்படாமல் தனியே இருக்கட்டும்.

வழியில் கிடக்கும் பென் டிரைவை எடுத்துச் செருகும் ஆவலையும் அடக்குதல்வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென் டிரைவ்களை வேண்டுமென்றே போட்டுவைத்துப் பார்த்தனர். அவற்றுள் 45 விழுக்காட்டில் இருந்த கோப்புகளை எடுத்தவர்கள் திறந்தே பார்த்துவிட்டனர் என 2016-இல் வெளியான அவ்வாய்வு கூறுகின்றது. உரியவரிடம் சேர்க்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் திறந்தவர்களும் அவர்களுள் பலர். நல்லெண்ணத்தோடு எச்சரிக்கையும் வேண்டும்.

இறுதியாக ஒன்று. நம் பென் டிரைவில் புழு இருந்தது எனத் தெரிந்தால், வெட்கப்பட்டு மறைப்பதே மனித இயல்பு. ஆனால் அம்மறைப்பே புழுவுக்குப் பேருதவி. அப்பென் டிரைவ் சென்றுவந்த கடைக்காரரிடமும், கூடத்தாரிடமும், உறவினரிடமும், "என்னுடையதில் இருந்தது, உங்களுடையதையும் பார்த்துவிடுங்கள்" என ஒரு சொல் சொல்லிவிடுவோம். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி அயலாரை எச்சரித்த மரபினர் நாம். காய்ப்புழுவை ஒருவர் காட்டில் மட்டும் ஒழிக்க இயலாது. அக்கம்பக்கத்தார் அனைவரும் ஒரே காலத்தில் முயன்றாலே ஒழியும் என்பதை நம் உழவர்கள் அறிவார்கள். பென் டிரைவுப் புழுவுக்கும் அதுவே வழி.